சினை மாட்டுக்கு நாள் சொல்வதில்லை

சிலமலையில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே, வேப்பமரத்தடியில், ஏலத்தோட்டத்து ஜீப்புகள் வந்து நிற்கும். இருட்டு இன்னும் விலகியிருக்காது. தூக்குவாளியும் மழைத்துணியுமாகப் பெண்கள் ஏறுவார்கள். ஜீப்பு போடியைத் தாண்டி, மலைப்பாதை வளைவுகளில் ஏறி, போடிமெட்டுச் சாவடியைக் கடந்து கேரளத்துக்குள் போகும். பகல் முழுக்க ஏலச்செடியின் அடியில் குந்தி உட்கார்ந்து காய் எடுத்துவிட்டு, அதே ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு திரும்புவார்கள். வீடு வந்து சேரும்போது மறுபடியும் இருட்டியிருக்கும்.

அந்த ஜீப்பில் பல வருடம் போய்வந்த ஒரு பெண்ணுக்கு மூச்சு இளைப்பு இருந்தது. ஏலச்செடிக்கு அடிக்கிற மருந்தால் வந்தது என்று அவர் சொன்னார். மலைக்குளிரால் வந்தது என்று ஜீப்புக்காரர் சொன்னார். மலைக்குப் போவதை நிறுத்தினால் நல்லது என்று தேனி ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அவரிடம் ஒரு சீமை மாடு இருந்தது. சினையாக இருந்தது.

“இந்த ஈத்துல மட்டும் மடிக்கு ஒண்ணும் வராமக் கறந்துருச்சுன்னா ஜீப்புல ஏற மாட்டேன் அண்ணே” என்று நான் முதல்முறை பார்த்தபோதே சொன்னார். மடிக்கு ஒன்றும் வராமல் இருக்கத்தான் நாங்கள் போயிருந்தோம்.

நாங்கள் என்றால் நானும் ஒரு கால்நடை டாக்டரும். மதுரையில் ஒரு நாளிதழில் செய்தி திருத்தும் வேலை பார்த்துவிட்டு நான் போடிக்குத் திரும்பியிருந்தேன். டாக்டர் கொங்குப் பக்கத்துக்காரர். பெண். மாடுகளின் மடிநோய்க்குத் தடுப்பூசி கண்டுபிடிக்கிற ஆராய்ச்சியில் இருந்தார். இந்தப் பள்ளத்தாக்கு மாடுகளில் அதைப் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. மாட்டுக்காரர்களுக்குப் புரிகிற தமிழில் ஒரு விளக்கத் தாள் எழுதவும், வீடு வீடாகப் போய் அதைப் படித்துக் காட்டவும் அவருக்கு உள்ளூர் ஆள் தேவைப்பட்டது. போடி கடைவீதியில் பிறந்து வளர்ந்தவன் நான். ஏலக்காய் தெரியும். மாடு தெரியாது.

விளக்கத் தாள் எழுதுவதற்காக டாக்டர் எனக்குச் சொன்னது இது. காம்பின் துளை வழியாகக் கிருமி உள்ளே போகிறது. கறந்து முடித்த கொஞ்ச நேரம் அந்தத் துளை திறந்திருக்கும். மாடு அப்போது சாணியில் படுத்தால் போதும். உள்ளே போன கிருமி தன்னைச் சுற்றி ஒரு பசையைக் கட்டிக்கொண்டு குடியிருக்கும். அந்தப் பசைக்குள் மருந்து லேசில் நுழையாது. பால் கட்டும், மடி கல்லாகும், கடைசியில் காம்பு செத்துப்போகும். வெறிநாய்க் கடிக்கும் கோமாரிக்கும் தடுப்பூசி இருக்கிறதே, இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு கஷ்டம் என்று கேட்டேன்.

“ரத்தத்துல காவலுக்கு ஆள் உண்டு பண்ணிடலாமுங்க. அவங்க மடிக்கு வந்து சேரணுமில்லைங்களா? வந்து சேர்றதே கொஞ்சம். அதையும் ரெண்டு வேளையும் பாலோட சேர்த்துக் கறந்து வெளியே ஊத்திடறோம்.”

நோயை முழுக்கத் தடுக்கும் என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. வந்தாலும் கடுமை குறையும், காம்பு சாகாது, அவ்வளவு நடந்தாலே பெரிது என்றார். தாளிலும் அப்படித்தான் எழுதினேன். மாடு ஈனுவதற்கு ஒன்றரை மாதம் முன்பு ஓர் ஊசி, பத்து நாள் முன்பு இன்னோர் ஊசி. முதல் ஊசி உடம்புக்குக் கிருமியை அறிமுகப்படுத்தும், இரண்டாவது ஊசிதான் காவலைப் பலப்படுத்தும். சில மாடுகளுக்கு மருந்துள்ள ஊசி போடப்படும். சில மாடுகளுக்கு மருந்தில்லாத வெறும் ஊசி போடப்படும். எந்த மாட்டுக்கு எது என்பது டாக்டருக்கும் தெரியாது. சீசாவில் எண் மட்டும் இருக்கும்.

இந்தக் கடைசி வரிகளை ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு தடவை படித்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள். வெறும் ஊசி பக்கத்து வீட்டு மாட்டுக்கு என்று ஒவ்வொருவரும் எடுத்துக்கொண்டார்கள்.

மலைக்குப் போகிற பெண்ணுக்கு அப்படி எடுத்துக்கொள்ள மற்றவர்களைவிடக் கூடுதலான காரணம் இருந்தது. தடுப்பூசிக்கான கிருமியை இந்தப் பகுதி மாடுகளின் கெட்ட பாலிலிருந்துதான் பிரித்து வளர்த்திருந்தார்கள். அப்படிப் பால் கொடுத்தவற்றில் அவருடைய முந்தைய மாடும் ஒன்று. அந்த மாட்டுக்கு மூன்று காம்பு போய், அது கேரளத்துக்குப் போகிற லாரியில் ஏறிவிட்டது.

“எங்க வீட்டுக் கிருமிய வச்சுச் செஞ்ச ஊசிய எங்க வீட்டு மாட்டுக்குப் போடாம வேற ஆருக்குப் போடுவாக?” என்றார்.

“எனக்கு எண் மட்டும்தான் தெரியுமுங்க” என்றார் டாக்டர்.

“நீங்க அப்பிடித்தான் சொல்லணும்மா. சொல்லுங்க.”

ஓட்டு வீட்டுக்குப் பக்கவாட்டில் தகரக் கொட்டகை. சிமெண்டுத் தரையின் நடுவில் ஒரு பள்ளம். அதில் மூத்திரம் தேங்கியிருந்தது. அவருடைய கணவர் தென்னந்தோப்பில் காவலுக்கு இருப்பவர். வாசலில் உட்கார்ந்து எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

“பொட்டிபுரத்துல மலையக் கொடஞ்சு என்னமோ பாக்கப் போறோம்னாக. இப்ப மாட்டு மடியக் கொடைய வந்துட்டீகளாக்கும்?”

“நாங்க குடைய மாட்டோமுங்க. குத்திட்டுப் போயிடுவோம்.”

அவருக்கு டாக்டரைப் பிடித்துவிட்டது. எழுந்து மாட்டைத் திருப்பிப் பிடித்தார்.

டாக்டர் கையுறையைத் தோள் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, “எப்ப சினைக்கு விட்டீங்க?” என்று கேட்டார்.

“ரெண்டு வாட்டி சினை ஊசி போட்டும் பிடிக்கல. பெறகு தோப்புக்காரவுக காளைக்கு விட்டோம்மா.”

“எத்தனை மாசம் இருக்குமுங்க?”

“அஞ்சு” என்றார் அந்தப் பெண்.

கணவர் தூணில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார். அவிழ்த்த கயிற்றை அதே தூணில் மறுபடியும் கட்டினார்.

டாக்டர் கையை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தார். “ஆறு இருக்குமாட்டத் தெரியுதுங்களே.”

“இல்லம்மா. அஞ்சுதான். எம்மாடு எனக்குத் தெரியாதா?”

டாக்டர் ஐந்து என்றே எழுதினார். திரும்பி வரும் வழியில் அதைப் பற்றி நான் கேட்டேன். கையில் தெரிவது சில வாரம் முன்னே பின்னே இருக்கும், காளைக்கு விட்ட நாளை மாட்டுக்காரர் சொன்னால் அதைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும், அதுதான் விதி என்றார். ஊசி போடும் நாள்கள் அந்தக் கணக்கிலிருந்து குறிக்கப்பட்டன.

ஆவணிக் கடைசியில் முதல் ஊசி போடப் போனோம். ஐஸ் பெட்டியை நான் தூக்கிக்கொண்டு போனேன். கழுத்தில் போட்டார். மாடு ஒரு தடவை தோலைச் சிலிர்த்ததோடு சரி. டாக்டர் பின்னால் போய்க் குனிந்து பார்த்துவிட்டு, “மடி இப்பவே இறங்குதுங்களே?” என்றார்.

“இது எப்பவும் அப்பிடித்தாம்மா. முன்னாடியே மடி விட்டுரும்” என்றார் அந்தப் பெண். முந்தானையை உதறி மாட்டின் மீது உட்கார்ந்த ஈயை ஓட்டினார். ஊசி போட்ட இடத்தில் அவர் கையை வைத்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. நாங்கள் தெருமுனை திரும்பும்வரை எடுக்கவில்லை.

புரட்டாசி பாதியில் ஒரு மத்தியானம் கணவர் போனில் கூப்பிட்டார். “அண்ணே, கன்னு போட்டிருச்சு. கெடேரி.”

இரண்டாவது ஊசிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. டாக்டருக்குச் சொன்னேன். குறைமாதக் கன்று என்று நினைத்துக்கொண்டு அவர் மருந்துப் பையோடு வந்தார். கொட்டகையில் கன்று நின்றுகொண்டிருந்தது. உடம்பு முழுக்க ரோமம். குளம்பு கெட்டிப்பட்டிருந்தது. தாயின் பின்னங்காலை முட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் அதன் வாயைத் திறந்து பல்லைத் தடவிப் பார்த்துவிட்டு எழுந்தார்.

“இது நிறைமாசக் கன்னுங்க.”

“ஆமாம்மா” என்றார் அந்தப் பெண். சீம்பாலைக் கருப்பட்டி போட்டுக் காய்ச்சிக் கிண்ணத்தில் கொடுத்திருந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. “நாளெல்லாம் சரியாத்தான் ஆச்சு.”

“இன்னும் ஒரு மாசம் இருக்குன்னு சொன்னீங்களேங்க?”

“சினை மாட்டுக்கு நாள் சொல்றது இல்லம்மா. ஆரு கேட்டாலும் ஒரு மாசம் கூட்டித்தான் சொல்லுவோம். உள்ளதச் சொன்னா அன்னைக்குன்னு பாத்துத் திருஷ்டி வாசல்ல வந்து நிக்கும். போன மாட்டுக்கு, பால் சொசைட்டில கேட்டாகன்னு உள்ள நாளச் சொல்லிப்பிட்டேன். கன்னு செத்துத்தான் பொறந்துச்சு.”

“நான் டாக்டருங்களே. எங்கிட்டயுமா?”

“உங்க வாயி நல்ல வாய்தாம்மா. காத்து கேக்கும்ல?”

கணவர் பக்கத்தில் நின்று சிரித்தார். “எங்கிட்டயே ஒரு மாசம் தள்ளித்தான் சொல்லுவா. நானா வெரல விட்டு எண்ணிக்கிட வேண்டியதுதான். அவ சொல்றப்ப நாம வாயத் தொறந்தா, பெறகு எது நடந்தாலும் பழி நம்ம தலையில.”

டாக்டர் கையில் கிண்ணம் அப்படியே இருந்தது. ஆறிப்போய், மேலே ஏடு கட்டியது. இரண்டாவது ஊசிக்குக் காலம் கடந்துவிட்டது என்று அவர் பொறுமையாக விளக்கினார். ஈன்ற பிறகு போடுவது இந்தச் சோதனையில் சேராது. முதல் ஊசியே ஒன்றரை மாதம் முன்பு போட வேண்டியது, இரண்டு வாரம் முன்புதான் விழுந்திருக்கிறது. அந்தப் பெண்ணின் சிரிப்பு மெல்லக் குறைந்தது.

“ஒரு ஊசி போட்டாச்சுல்லம்மா?”

“போட்டாச்சுங்க.”

“அதுல பாதியாச்சும் கேக்கும்ல?”

டாக்டர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு மருந்துப் பையை எடுத்துக்கொண்டார். வண்டியில் ஏறியதும், “குளிர்பெட்டி பார்த்தேன், ஊசி நீளம் பார்த்தேன், சீசா குலுக்கற வேகம்கூடப் பார்த்தேன். இதைக் கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்லைங்க” என்றார். எனக்கும் தோன்றியிருக்கவில்லை. கடைவீதியில் மாடு கிடையாது.

அடுத்து வந்த நாள்களில் ஊசிக்குச் சேர்த்திருந்த மற்ற வீடுகளுக்கெல்லாம் திரும்பப் போனோம். யாரும் மறைக்கவில்லை, கூச்சப்படவும் இல்லை. கேட்ட விதத்தில் கேட்டதும் சொன்னார்கள். சிலர் ஒரு மாதம் கூட்டியிருந்தார்கள், சிலர் இருபது நாள். ஒரு பெரியவர் டாக்டருக்கென்று ஒன்றரை மாதம் கூட்டியிருந்தார். “ஆபீசருக திருஷ்டி கொஞ்சம் கூடுதலா இருக்கும்ல?” என்றார். டாக்டர் நாள்களைத் திருத்தி எழுதினார். காப்பாற்ற முடிந்த மாடுகளைக் காப்பாற்றினார். மற்றவை சோதனையிலிருந்து விலக்கப்பட்டன.

மலைக்குப் போகிற பெண் ஜீப்பில் ஏறுவதை நிறுத்தியிருந்தார். பால் நன்றாகக் கறந்தது. நான் வழக்கமாக டீ குடிக்கும் கடை போடியில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கடைக்காரர் ஒரு பாய். அந்தப் பால் அவருக்குத்தான் வந்தது. தினமும் காலையில் கணவர் டி.வி.எஸ்.ஸில் கேனோடு வந்துவிடுவார். “சிலமலைப் பாலு நல்லா ஏடு கட்டுது” என்று பாய் சொல்வார். சில வாரம் அப்படிப் போனது. மனைவிக்கு இளைப்புக்கூடக் குறைந்திருக்கிறது என்று கணவர் சொன்னார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. அதுதான் ஏலக்காட்டில் காய் எடுப்பு மும்முரமான சமயம். ஜீப்புக்காரர் வீட்டுக்கு வந்து, ஆள் பற்றவில்லை, ஒரு நாள் மட்டும் வந்துவிட்டுப் போ, வராவிட்டால் உன் இடத்துக்கு வேறு ஆள் ஏற்றிவிடுவேன் என்றிருக்கிறார். மாடு நன்றாகத்தான் கறந்துகொண்டிருந்தது. ஆனால் முந்தைய மாடும் முதலில் நன்றாகத்தான் கறந்தது. இடத்தை விட்டுவிட அவருக்குத் தைரியம் வரவில்லை. ஏறிப் போனார்.

அன்றைக்குச் சாயங்காலம் மலைப்பாதையில் மண் சரிந்தது. ஜீப்புகள் மேலேயே நின்றுவிட்டன.

மறுநாள் காலை டீக்கடையில் கணவர் அந்தக் கதையைச் சொன்னார். பாய் கேனைத் திறந்து பாலைச் சட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தார். மழைக்கு ஒதுங்கியவர்கள் நாலைந்து பேர் நின்றார்கள்.

“நான் கறக்கப் போனா மாடு பக்கத்துலயே விடல பாய். மடி விண்ணுனு இருக்கு, பாலு தானாச் சொட்டுது, விட மாட்டேங்குது. சரின்னு அவ சேலைய எடுத்துக் கட்டுனேன்.”

“நீயா மாப்ளே?”

“நாந்தேன். முக்காடெல்லாம் போட்டுக்கிட்டுப் போயி உக்காந்தேன். விட்டுச்சு பாருங்க ஒரு ஒத. செம்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.”

“ஒம் பொண்டாட்டிக்கு மீச கெடையாதுன்னு மாட்டுக்குத் தெரியாதா மாப்ளே?” என்றார் பாய். எல்லாரும் சிரித்தார்கள். கணவரும் சேர்ந்து சிரித்தார்.

“பெறகு அவ எப்பத்தான் வந்தா?”

“ஊரடங்கித்தேன் வந்தா. வந்ததும் வராததுமா உக்காந்து கறந்தா. அதுவரைக்கும் பாலு சொட்டுன தரையிலயே படுத்துக் கெடந்துச்சு. பாவம், அதுக்கும் அலுப்பு.”

சட்டியில் பால் பொங்கவில்லை. விளிம்பில் நுரை வந்தது, பிறகு நடுவில் வெள்ளைத் துணுக்குகள் சுழன்றன. பாய் கரண்டியை விட்டுத் தூக்கினார். திரிதிரியாக வந்தது. அடுப்பை அணைத்தார். கேனில் மிச்சமிருந்த பச்சைப் பாலைக் கவிழ்த்து உள்ளங்கையில் சொட்டுவிட்டு நாக்கில் வைத்தார்.

“உப்புக் கரிக்குது மாப்ளே.”

கணவர் கேனை வாங்கி மூடினார். மூடி சரியாகப் பொருந்தவில்லை. இரண்டு மூன்று தடவை திருகிப் பார்த்தார். பிறகு அப்படியே மழையில் இறங்கி டி.வி.எஸ்.ஸைக் கிளப்பினார். நான் டாக்டருக்குப் போன் செய்தேன்.

நாங்கள் போனபோது கொட்டகை கழுவப்பட்டிருந்தது. மாட்டின் மடி பின்பக்கம் சிவந்து, கை வைத்தால் சுட்டது. டாக்டரிடம் நான்கு குழி உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு உண்டு. காம்புக்கு ஒரு குழி. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பால் பீச்சி, அதில் ஊதா நிறத் திரவத்தை ஊற்றித் தட்டை ஆட்டுவார். நல்ல பால் தண்ணீராகவே ஓடும். கெட்ட பால் சளி மாதிரி கட்டிக்கொள்ளும். முன்காம்புகள் இரண்டும் ஓடின. பின்காம்புகள் இரண்டும் குழியின் நடுவில் குவிந்து நின்றன. பின்காம்பில்தான் பால் அதிகம். எல்லாரும் தட்டைப் பார்த்தோம். டாக்டர் அதைக் கழுவிவிட்டு, ஊசியையும் காம்புக்குள் விடும் மருந்துக் குழாய்களையும் எடுத்தார்.

“நான் போகாம இருந்திருந்தா வந்திருக்காதாம்மா?” என்று அந்தப் பெண் கேட்டார்.

“அப்படிச் சொல்ல முடியாதுங்க. வேற எப்படி வேணும்னாலும் வரும்.”

“உள்ள நாளச் சொல்லி ரெண்டாவது ஊசியும் போட்டிருந்தா?”

டாக்டர் குழாயின் மூடியைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தார். “அதையும் சொல்ல முடியாதுங்க” என்றார்.

மருந்து போடும் முன்பு ஒரு சின்னக் குழாயில் கெட்ட பாலைப் பிடித்து ஐஸ் பெட்டியில் வைத்தார். அந்தப் பெண் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுவும் ஊசில சேருமா?”

“சேரலாமுங்க. அடுத்துச் செய்யறதுல.”

“அப்ப எம்மாடு ரெண்டும் அதுக்குள்ள இருக்கும்” என்றார்.

கற்றாழையும் மஞ்சளும் சுண்ணாம்பும் அரைத்துப் பூசலாமா என்று கணவர் கேட்டார். பூசுங்கள் என்றார் டாக்டர். ஒரு வாரம் தினமும் வந்து மருந்து போட்டார். மடியில் பூசிய மஞ்சள் காய்ந்து உதிர்ந்து தரையெல்லாம் கிடந்தது. காய்ச்சல் இறங்கியது. வீக்கமும் வடிந்தது. பின்காம்புகள் இரண்டும் திரும்பவில்லை. தீபாவளிக்கு முன்பே அவை தோலாகத் தொங்கின. முன்காம்புகள் கறந்த பாலில் வீட்டுக்கும் கன்றுக்கும் போக, பாயின் கடைக்கு எதுவும் வரவில்லை.

அந்தப் பெண் மறுபடி ஜீப்பில் ஏறினார். அவருடைய இடம் காலியாகத்தான் இருந்தது.

கார்த்திகையில் ஒருநாள், அவர் தோட்டத்துக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமை பார்த்து, டாக்டர் மடியைச் சோதிக்க வந்தார். முடித்துக் கிளம்பும்போது ஒரு விஷயத்தையும் சொன்னார். இரண்டாவது ஊசி போடாததால் இந்த மாடு சோதனையின் கணக்கில் வராது. நோய் வந்ததாகவும் சேராது, வராததாகவும் சேராது. மறைக்காமல் சொல்லிவிடுவதுதான் முறை என்று நினைத்தார்.

“கணக்குல இல்லாத மாட்டுக்குத்தான் ரெண்டு காம்பு போச்சா?” என்றார் அந்தப் பெண்.

“நீ நாளச் சரியாச் சொல்லியிருக்கணும்” என்றார் கணவர். அவர் குரலில் கேலி இல்லாமல் நான் கேட்டது அன்றைக்குத்தான். “கேட்டது டாக்டரம்மா. தெருவுல போற ஆளு இல்ல. ஒன் வாயாலதான் எல்லாம் போச்சு.”

அந்தப் பெண் சாணியை அள்ளிக்கொண்டு பின்பக்கம் போனார். அதற்குப் பிறகு அவரைப் பார்க்கும்போதெல்லாம் அதே வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டேன். டீக்கடை வாசலில், ரேஷன் வரிசையில், யார் மாட்டைப் பற்றி விசாரித்தாலும், “என் வாயாலதான் போச்சு” என்பார். மழை பெய்ததைச் சொல்வது போல அதைச் சொல்வார்.

அடுத்த வருட மழைக்கு டாக்டர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். ஒரு காலையில் கூப்பிட்டார். சோதனை முடிந்து சீசா எண்களைப் பிரித்துப் பார்த்துவிட்டார்களாம். மருந்துள்ள ஊசி போட்ட மாடுகளுக்கும் வெறும் ஊசி போட்ட மாடுகளுக்கும் கொஞ்சம் வித்தியாசம் தெரிகிறது. அது ஊசியால் வந்தது என்று அடித்துச் சொல்ல அது போதாது. சோதனையிலிருந்து நிறைய மாடுகள் கழிந்துவிட்டன, கிருமி வகைகளை மாற்றி மறுபடி செய்ய வேண்டும் என்றார். குரலில் சோர்வு இருந்தது.

“அவங்க மாட்டு எண்ணையும் பார்த்தேனுங்க” என்றார். “வெறும் ஊசி.”

அவரே தொடர்ந்தார்.

“ரெண்டாவதும் அதேதான் போட்டிருப்போம். நாளைச் சரியாச் சொல்லியிருந்தாலும் ஒண்ணும் மாறியிருக்காது. அவங்களுக்குச் சொல்லணுங்க. நான் வர முடியல. நீங்க சொல்றீங்களா?”

பகலில் அந்தப் பெண் வீட்டில் இருக்க மாட்டார். அதனால் மறுநாள் விடியும் முன்பு சிலமலைக்குப் போனேன். வேப்பமரத்தடியில் ஜீப்பு நின்றது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கூட்டமாக நின்றார்கள். அவர் இருமுவதை வைத்து ஆளைக் கண்டுபிடித்தேன்.

“என்ன அண்ணே, வெள்ளனா? ஆருக்கும் முடியலையா?”

தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவருடைய மாட்டுக்கு விழுந்தது வெறும் ஊசி. இரண்டாவது போட்டிருந்தாலும் அதுவும் வெறும் ஊசிதான். நாள் தள்ளிச் சொன்னதால் எதுவும் கெட்டுப்போகவில்லை.

தூக்குவாளியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். ஜீப்பு விளக்கு வெளிச்சம் அவர் காலில் விழுந்தது. ரப்பர் செருப்பும் அதற்குள் சாக்ஸும் போட்டிருந்தார். தோட்டத்தில் அட்டை கடிக்காமல் இருக்க.

“எங்க வீட்டுக் கிருமிதானே அது?”

“மருந்துள்ள ஊசியில அது இருந்துச்சு. ஒனக்கு அது விழல ஆத்தா.”

“அப்ப நாஞ்சொன்ன பொய்யால ஒண்ணும் கெடல.”

“கெடல.”

“உள்ளதச் சொல்லியிருந்தாலும் ஒண்ணும் வெளங்கியிருக்காது.”

“ஆமா.”

கொஞ்ச நேரம் மலைப்பக்கம் பார்த்தார். அங்கே எதுவும் தெரியவில்லை, மேகம்தான் அடைந்திருந்தது. “இதுல எத நெனச்சு அண்ணே நான் ஆறிக்கிடுறது?” என்றார்.

 ஒரு வருடமாக அவர் சொல்லி வந்ததற்கு ஆதாரம் இல்லை என்று சொல்லத்தான் போயிருந்தேன். சொல்லியாகிவிட்டது. ஜீப்புக்காரர் ஹாரன் அடித்தார். ஏதாவது பேச வேண்டும் என்று மாடு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“சினையா இருக்கு.”

“எப்ப ஈனும்?”

அவர் என்னைப் பார்த்தார். “சேச்சி, கேறு வெரசா” என்று மலைத் தோட்டத்துப் பாஷையும் நம் பாஷையும் கலந்து ஜீப்புக்குள்ளிருந்து ஒரு குரல் ஏறச் சொல்லிக் கூப்பிட்டது.

“தையில ஈனும்” என்று சொல்லிவிட்டுப் போய் ஏறினார். பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழையும்போது இருமல் வந்து, ஒரு காலைப் படியில் வைத்தபடி அது அடங்கும்வரை நின்றார். பின்னால் இருந்தவர் பொறுத்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் டாக்டருக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன் என்றேன். என்ன சொன்னார் என்று கேட்டார். சொன்னேன். அவர் மாட்டைப் பற்றி விசாரித்தார். முன்காம்பு இரண்டும் உயிரோடு இருக்கின்றன, சினையாக இருக்கிறது என்றேன்.

“புது ஊசிக்கு மாடு சேர்க்க ஆரம்பிக்கிறாங்க. அவங்க சம்மதிச்சா சேர்த்துக்கச் சொல்லலாமுங்க. எப்ப ஈனுமாம்?”

“தைன்னாங்க.”

பேனா தாளில் உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

“மார்கழின்னு எழுதிக்கட்டுங்களா?”

காலையில் அவர் என்னைப் பார்த்த பார்வையை நினைத்துப் பார்த்தேன். வழக்கம்போல ஒரு மாதம் கூட்டிச் சொன்னாரா, அல்லது இனிமேல் கூட்டுவதால் ஆகப்போவது ஒன்றும் இல்லையென்று உள்ளதையே சொன்னாரா என்று அதிலிருந்து எடுக்க முடியவில்லை.

“தெரியல” என்றேன்.